வர்ஜீனியாவுக்கு ஒரு மருமகள்

அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிறவிக் குணம். அதனால் பட்ட அவமானங்களும் உண்டு, அடைந்த சந்தோஷங்களும் உண்டு. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் என்ற ஊரில் நான் மூக்கை நுழைத்த கதையில் இரண்டும் கலந்திருக்கின்றன. சந்தோஷம்தான் கூடுதல் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அறுபத்தைந்தாம் ஆண்டுக் கடைசியில் அந்த ஊருக்குக் குடிபோனோம். என் கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் காகிதம் தயாரிப்பது பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர். வீடு தேடி நாய் படாத பாடு பட்டோம். தொலைபேசியில் "வந்து பாருங்கள்" என்று சொன்னவர்கள், வாசலில் எங்கள் முகத்தைக் கண்டதும் "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்பார்கள். ஒரே சனிக்கிழமையில் மூன்று வீடுகள் இப்படி எங்கள் கண்ணெதிரே வாடகைக்குப் போயின. கடைசியில் ஒரு கிழவர் கொடுத்தார். அவருக்கு நிறம், நாடு, மதம் எதுவும் பொருட்டில்லை. மாடிப்படியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை. எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டுக் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். கழுவி முடித்ததும் கிழவர் வந்து ஒவ்வொரு படியாக விரலால் தடவிப் பார்ப்பார்.

நாங்கள் இரண்டாம் மாடி. முதல் மாடியில் ஓர் அமெரிக்க சார்ஜென்ட், அவருடைய ஜெர்மன் மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. சார்ஜென்ட் கறுப்பினத்தவர். ஊரை ஒட்டி இருந்த அமெரிக்கப் பட்டாள முகாமில் வேலை. அவர்களையும் மூன்று வீடுகளில் திருப்பி அனுப்பியிருந்தார்களாம். "எங்களுக்கு நாலு" என்று அந்தப் பெண் பிறகு திருத்தினாள், ஏதோ பந்தயத்தில் எங்களை ஜெயித்துவிட்டவள் போல.

அவளுக்கு என் வயதுதான், இருபத்தாறு. நிலவறையில் இருந்த சலவை அறையில் திங்கட்கிழமைதோறும் சேர்ந்து துணி துவைப்போம். ஜெர்மன் மொழியை நான் அவளிடம்தான் கற்றேன். அதனால் என் ஜெர்மனில் சோப்பு, கஞ்சி, கறை சம்பந்தப்பட்ட சொற்கள் அதிகம் என்று என் கணவர் கேலி செய்வார்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, குழந்தையின் சின்னச் சின்னச் சட்டைகளைப் பிழிந்துகொண்டே அவள் சொன்னாள்: "அவரோட ஊருக்கு நாங்க போகவே முடியாது. என்னை அவர் பொண்டாட்டின்னு அங்க ஏத்துக்க மாட்டாங்க. கொழந்தையை அவங்க அம்மா இன்னும் கண்ணால பாத்ததில்ல."

அவள் சொன்னதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. கண் கலங்கியிருந்தாள். பிழிந்த சட்டையையே மறுபடி மறுபடி பிழிந்தாள். கணவன் வீட்டுக்குப் போக முடியாத மருமகள், பேத்தியைப் பார்க்காத கிழவி. திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? மாமியார் கொடுமை! இதில் எனக்கு அனுபவ அறிவு இல்லையென்றாலும் கேள்வி ஞானம் ஏராளம். என் சித்திகள் நான்கு பேரும் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்து, சிரித்துக்கொண்டே திரும்பிப் போனதைப் பார்த்தவள் நான்.

அன்றே பாடம் தொடங்கிவிட்டேன். முதல் தடவை போகும்போது வெறுங்கையோடு போகாதே. மாமியார் நிற்கும்போது நீ உட்காராதே. சமையலைப் புகழ், ஆனால் மூன்றாவது வாயில்தான் புகழ வேண்டும், முதல் வாயிலேயே புகழ்ந்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும். அவள் சோப்பு நுரைக் கையோடு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் ஞானத்தைக் கண்டு மலைத்துப்போனாள் என்று நினைத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் வீட்டு மேசையில் சார்ஜென்ட்டின் அம்மா அனுப்பிய கடித உறை கிடந்தது. பின்புறம் முகவரி. வர்ஜீனியா மாநிலத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். மனதுக்குள் எழுதிக்கொண்டு மாடி ஏறினேன். அன்று பிற்பகலே, கான்வென்ட் பள்ளியில் படித்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி நான்கு பக்கம் எழுதினேன். மதிப்பிற்குரிய அம்மா, உங்கள் மருமகள் தங்கமான பெண். மாடிப்படியை எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாகக் கழுவுகிறாள். பேத்திக்கு உங்கள் மகனுடைய நெற்றி. வேற்று நிறத்துப் பெண் என்பதால் கதவை அடைக்கலாமா? நாளைக்கு உங்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யார் வருவார்? இந்தக் கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற பெண்மணி அவர், ஆனால் கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது.

"அன்புள்ள அம்மணி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாவது முறை சிரிப்பை அடக்க முடியவில்லை, மன்னியுங்கள். என் வீட்டுக் கதவு மூன்று ஆண்டுகளாகத் திறந்துதான் கிடக்கிறது. பின்னறையில் குழந்தைக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். வரக்கூடாது என்று சொல்வது நான் இல்லை, வர்ஜீனியா. வெள்ளைக்காரரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொண்டால் இங்கே அது குற்றம். வேறு நாட்டில் செய்துகொண்டு வந்தாலும் செல்லாது. என் மகனும் மருமகளும் இந்த வீட்டில் ஒரே அறையில் படுத்தால் போலீஸ் வந்து இருவரையும் சிறைக்குக் கொண்டுபோகலாம். எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க என் தங்கை இருக்கிறாள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். அன்று பார்த்தா என் கணவர் சோறு வைக்க வேண்டும்! டப்பாவில் கைவிட்டவர் கடிதத்தோடு வெளியே வந்தார். நின்றபடியே படித்து முடித்துவிட்டு, "ஊர் விட்டு ஊர், கண்டம் விட்டுக் கண்டம் போய் மாமியார் சண்டையை விலைக்கு வாங்கற ஒரே ஆள் நீதான்" என்றார்.

"சிரிக்காதீங்க. இப்ப நான் என்ன பண்றது?"

"கீழ போய் மன்னிப்புக் கேளு. வேற என்ன?"

போனேன். கடிதத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். மெல்லப் படித்தாள். முதலில் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கட்டில் போட்டு வைத்திருக்கும் வரி வந்ததும் அழுதாள். சாயங்காலம் சார்ஜென்ட் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், எங்கள் கதவில் குனிந்துதான் நுழைவார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எங்க அம்மாவுக்கு நீங்க புத்திமதி எழுதினீங்களாமே? அந்த ஊர்ப் பாதிரியார்கூட இதுவரைக்கும் அதுக்குத் துணிஞ்சதில்ல."

அந்த அசட்டுத்தனத்தில் இருந்து ஒரு நல்லது பிறந்தது. சார்ஜென்ட்டின் அம்மாவும் நானும் தொடர்ந்து எழுதிக்கொண்டோம், மாதம் ஒரு கடிதம். அவர் கடிதம் வந்தால் கீழ் வீட்டில் கூடி எல்லோரும் சேர்ந்து படிப்போம்.

எத்தனை சேதிகள்! பஸ் நிலையத்தில் "கறுப்பர் காத்திருக்கும் அறை" என்ற பலகையை எடுத்தாயிற்று. எடுத்த இடத்தில் சுவர் மட்டும் வெளிறிச் சதுரமாகத் தெரிகிறது. அதன் கீழேயே வேண்டுமென்று உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தேன், பஸ் தாமதமானதில் பரம சந்தோஷம் என்று எழுதினார். இன்னொரு முறை ஓட்டுப் பற்றி. நாட்டின் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வரி கட்ட வேண்டாம் என்று முன்பே சட்டம் வந்துவிட்டது. ஆனால் மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போட மட்டும் வரி கட்டியே ஆக வேண்டும் என்று வர்ஜீனியா ஒற்றைக்காலில் நின்றது. இப்போது வாஷிங்டன் நீதிமன்றம் அதையும் தூக்கிவிட்டது. உள்ளூர்த் தேர்தலுக்கு, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாராம். "மாநிலம் மாட்டேன் என்றால் வாஷிங்டன் இருக்கிறது. வாஷிங்டனும் மாட்டேன் என்றால் ஆண்டவர் இருக்கிறார். ஆண்டவரைத் தொந்தரவு செய்வதற்கு முன்னால் வாஷிங்டனைத் தொந்தரவு செய்து பார்க்கலாமே" என்று எழுதியிருந்தார். இதைப் படித்து சார்ஜென்ட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கல்யாணச் சட்டம் மட்டும் அசையவில்லை. அதே மாநிலத்தில், வெள்ளைக்கார ஆண் ஒருவரும் கறுப்பினப் பெண் ஒருத்தியும் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஊரைவிட்டே அனுப்பப்பட்டு, வழக்குப் போட்டிருந்தார்கள். மாநில உயர் நீதிமன்றம் சட்டம் சரிதான் என்று கைவிரித்துவிட்டது. வழக்கு வாஷிங்டனுக்குப் போயிருந்தது. அந்த முகம் தெரியாத தம்பதிக்காக எங்கள் வீட்டில் தினமும் விளக்கேற்றினேன்.

இதற்கிடையில் அவர் ஒரு கடிதத்தில் சாதாரணமாக ஒன்று கேட்டிருந்தார்: "உங்கள் நாட்டில் இப்படி ஏதாவது சட்டம் உண்டா?"

பெருமை பொங்க எழுதினேன். எங்கள் அரசியல் சாசனத்தில் அப்படி எதுவும் கிடையாது. யாரும் யாரையும் மணக்கலாம். தீண்டாமையைச் சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. எழுதி முடித்ததை, தபால்தலை ஒட்டுகிற சாக்கில் என் கணவர் படித்தார்.

"எல்லாம் கரெக்ட். உங்க அண்ணனைப் பத்தி எழுதலையா?"

"அது வேற விஷயம்."

"சரி" என்று தபால்தலையை ஒட்டிவிட்டார். அவர் அப்படித்தான், சண்டைக்கே வரமாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல்.

என் அண்ணன் அரசுப் பள்ளியில் ஆசிரியர். நாங்கள் ஜெர்மனிக்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு அவர் கல்யாணம் செய்துகொண்டார். பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கள் ஊர்ச் சேரியில் பிறந்தவர். ஐயர் இல்லை, அக்னி இல்லை, நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்ட சீர்திருத்தத் திருமணம். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. "அது கல்யாணமே இல்ல, சட்டப்படியும் செல்லாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா மனம் நோகக்கூடாது என்று நானும் அண்ணனுக்கு ஒரு வரி எழுதவில்லை. முகம் தெரியாத ஒரு கிழவிக்கு நான்கு பக்கம் புத்திமதி எழுதியவள்தான் நான்.

அறுபத்தேழு வசந்தத்தில் சார்ஜென்ட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஆகஸ்ட்டில் அமெரிக்கா திரும்ப வேண்டும். எங்கே? வர்ஜீனியாவிலேயே ஒரு முகாம்! அம்மா வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். இந்த வேடிக்கையை யாரிடம் சொல்லி முட்டிக்கொள்வது? மனைவியையும் குழந்தையையும் இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போகலாம். வேறு மாநிலம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அது கிடைக்கும் என்று நிச்சயமில்லை. இல்லாவிட்டால் பட்டாளத்தையே விட்டுவிட்டு ஜெர்மனியில் ஏதாவது ஆலையில் சேரலாம். எது என்று ஜூன் மாத முடிவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிக் கூடத்தில் வைத்தார்கள். அது வாரக்கணக்கில் காலியாகவே கிடந்தது. குழந்தை மட்டும் அதற்குள் இறங்கி உட்கார்ந்து விளையாடியது.

"நீங்க போங்கன்னுதான் அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் அந்தப் பெண் ஒருநாள், துணியைக் கொடியில் போட்டபடி. "அம்மாவை அஞ்சு வருஷமாப் பாக்காத மனுஷன். நான் எப்பிடித் தடுக்கிறது?" எனக்குச் சொல்ல ஒரு புத்திமதியும் இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஆவது அபூர்வம்.

ஜூன் பன்னிரண்டு, திங்கட்கிழமை. படி கழுவும் முறை எங்களுடையது. மதியத்திலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, நிலவறையில் அவளோடு போர்வைகளை அலசிக்கொண்டிருந்தேன். காலையில் பெய்த மழை விட்டு நல்ல வெயில். சாயங்காலம் மேலே தெருக்கதவு படாரென்று திறந்தது. பட்டாள பூட்ஸ் சத்தம், முதலில் மாடிக்கு ஏறி, ஆளைக் காணாமல் திரும்ப இறங்கி, நிலவறைக்குப் பாய்ந்து வந்தது. வாசலில் சார்ஜென்ட். குனிய மறந்து நெற்றியை நிலையில் இடித்துக்கொண்டார். அதைத் தடவிக்கூட விடவில்லை.

"ஒம்போது பேர்!" என்றார். "ஒம்போது பேரும்!"

பட்டாள வானொலியில் செய்தி வந்திருந்தது. வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார்கள்: நிறத்தைக் காட்டிக் கல்யாணத்தைத் தடுக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை கிடையாது. வர்ஜீனியாவின் சட்டம் ஒழிந்தது. அதுபோல் சட்டம் வைத்திருந்த மற்ற மாநிலங்களின் சட்டமும் சேர்ந்து ஒழிந்தது.

அவள் ஈரப் போர்வையோடு அப்படியே நின்றாள். அவர் போர்வையையும் சேர்த்து அவளைத் தூக்கினார். நான் தமிழில் என்னவோ கத்தினேன், என்னவென்று இன்றுவரை தெரியாது. குழந்தை எல்லோரையும் பார்த்துவிட்டுத் தானும் கத்தியது. நான் அழுதேன், சிரித்தேன், சோப்புக் கையால் கண்ணைத் துடைத்து அது வேறு எரிந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரக் கிழவர் வந்துவிட்டார். அவருக்கு விஷயத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். சார்ஜென்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நல்ல தீர்ப்பு" என்றார். பிறகு மேலே காட்டி, "ஆனா படி?" என்றார். கழுவிய படிகள் முழுக்க பூட்ஸ் சேறு. சார்ஜென்ட் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். என் கையிலிருந்த வாளியை வாங்கி, சீருடையோடு முழந்தாளிட்டு, தெருக்கதவிலிருந்து எங்கள் மாடி வரைக்கும் அத்தனை படியையும் பாடிக்கொண்டே கழுவினார். கிழவர் பின்னாலேயே விரலால் தடவிக்கொண்டு வந்தார். மேல் படியில் நின்று என் கணவர் கைதட்டினார். ஜெர்மன் ரவையில் வெண்ணெய் விட்டுக் கேசரி கிளறினேன். சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டேன். எல்லோரும் அதையும் தின்றார்கள்.

மறுநாள் காலை அந்த இரும்புப் பெட்டிக்குள் முதல் துணி போயிற்று. ஆகஸ்ட்டில் போனார்கள். பிரிவு உபசாரமாக மூன்று மணி நேரம் அழுதோம், அதுவும் சந்தோஷ அழுகைதான்.

அந்த வருடக் கடைசியில் சார்ஜென்ட்டின் அம்மாவிடமிருந்து கனமான கடிதம் ஒன்று வந்தது. தேவாலயத்தில் மகனுக்கும் மருமகளுக்கும் முன்வரிசையில் இடம் போட்டார்களாம். தெருவில் சிலர் முறைக்கிறார்கள், நாங்களும் திருப்பி முறைக்கிறோம் என்று எழுதியிருந்தார். பேத்தி பின்னறைக் கட்டிலில் படுக்க மறுத்து இவர் பக்கத்தில்தான் படுக்கிறாளாம். அதற்கப்புறம் ஒன்றரைப் பக்கம் புகார். மருமகள் உருளைக்கிழங்கு சாலட்டில் காடியை ஊற்றிக் கெடுக்கிறாள். வாசற்படியை வாரம் மூன்று முறை கழுவி மரத்தை ஊற வைக்கிறாள். என் கரண்டிகளை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டாள். "நீங்கள்தான் எனக்குப் புத்திமதி எழுத வேண்டும், தாமதிக்காதீர்கள்" என்றிருந்தது. என் கணவரும் நானும் உருண்டு புரண்டு சிரித்தோம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "உங்களுக்கு அண்ணன் உண்டு என்று ஒருமுறை எழுதினீர்கள். அண்ணன் மனைவியைப் பற்றி ஒன்றுமே எழுதியதில்லையே, அவர் எப்படிப்பட்டவர்?"

அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அவர் குரலை நான் கேட்டதில்லை. உயரமா குட்டையா என்றுகூடத் தெரியாது. அந்த வாரம்தான் ஊரிலிருந்து வந்த பழைய பத்திரிகையில், சீர்திருத்தத் திருமணங்கள் செல்லும், முன்பு நடந்தவையும் சேர்த்தே செல்லும் என்று எங்கள் மாநிலச் சட்டசபை சட்டம் கொண்டுவந்த செய்தியும் இருந்தது. அம்மா சொன்ன சாக்கும் போயிற்று. உண்மையில் அது எனக்குச் சாக்காக இருந்ததே தவிர, என் கையை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. வர்ஜீனியாவில் சட்டம் தடுத்தது, மாமியார் கட்டில் போட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எந்தச் சட்டமும் தடுக்காததை நாங்களே தடுத்தோம், நானும்தான். வெட்கமாக இருந்தது. சமையல் மேசையில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் பேனாவில் மை நிரப்பிக் கொடுத்தார்.

அண்ணனுக்கு எழுதவில்லை. "அன்புள்ள அண்ணிக்கு" என்று தொடங்கினேன். மூன்றரை ஆண்டுகளில் அந்தச் சொல்லை ஒருமுறைகூட நான் எழுதியதோ சொன்னதோ இல்லை. புத்திமதி ஒன்றும் இல்லாத கடிதம். மன்னிப்புக் கேட்டேன், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன், அவ்வளவுதான்.

இருபது நாளில் அண்ணியின் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. "வீட்டுக்கு பெயின்ட் அடிக்கணும்னு உங்க அண்ணன் மூணு வருஷமா சொல்லிட்டே இருக்காங்க. நீங்க வர்ற தேதியை எழுதினாத்தான் கையைத் தூக்குவாங்க போல. சீக்கிரம் எழுதுங்க" என்று இருந்தது.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனோம். ரயில் இரண்டு மணி நேரம் முந்தி வந்துவிட்டது. அண்ணன் எங்களை அழைத்துவரக் கிளம்பியிருக்கவே இல்லை. நாங்களே விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தோம். திறந்திருந்த கதவுக்குள் தலைகால் புரியாத அவசரத்தில் நுழைந்தேன். பெயின்ட் காயவில்லை. புதுப் பட்டுப்புடவையின் முந்தானை முழுக்கப் பச்சை அப்பிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு குட்டையான பெண் கையில் அகப்பையோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார்.

"பாத்து வரக்கூடாதா? அவ்வளவு என்ன அவசரம்?" என்று அண்ணி என்னைத் திட்டினார். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.